ஆலப்புழா காயல், கொச்சிப் பழைய துறைமுகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குக் கொச்சியில் வேலை என்று தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர், பழைய வகுப்புத் தோழர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று எல்லோரும் லீவுக்கு முன்னால் ஒரு போன் போட்டுவிடுகிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். வாடகை விவரங்களை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன், அது வாரத்துக்கு வாரம் மாறும்.

கொச்சி, எர்ணாகுளம், ஃபோர்ட் கொச்சி, ஆலப்புழா, எல்லாம் பக்கத்து பக்கத்துலயா? ஒரே குழப்பமா இருக்கு.

எர்ணாகுளம் என்பது கரைப்பக்க நகரம். ரயில் நிலையம், மெட்ரோ, துணிக்கடை எல்லாம் இங்கே. தண்ணீருக்கு அந்தப் பக்கம் கடலை ஒட்டி இருப்பவை ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும். பழைய துறைமுகம் என்று படத்தில் பார்ப்பதெல்லாம் அங்கேதான். நடுவில் இருக்கும் வில்லிங்டன் தீவு, துறைமுகத்துக்காக ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரின் மேற்பார்வையில் தோண்டிய மண்ணைக் கொட்டி 1920, 30-களில் உருவாக்கியது. ஆலப்புழா இங்கிருந்து தெற்கே சுமார் 55 கிலோமீட்டர்.

எல்லாவற்றையும் சேர்ப்பது வேம்பநாட்டுக் காயல். கிட்டத்தட்ட 96 கிலோமீட்டர் நீளம், வடக்கே கொச்சி முகத்துவாரம், தெற்கே ஆலப்புழா, கிழக்குக் கரையில் குமரகமும் வைக்கமும். மலையில் விளைந்த மிளகும் இஞ்சியும் ஆற்றில் இறங்கிக் காயலில் சேர்ந்து கொச்சிக் கிடங்குகளுக்குப் போன வழி இதுதான். அதனால் 'ஒரு நாள் போட்டிங், ஒரு நாள் கொச்சி' என்று ரெண்டு தனி டூராகப் பிரிக்காமல் ஒரே தண்ணீரின் ரெண்டு முனை என்று நினைத்துக்கொண்டு வாருங்கள், பார்ப்பது கொஞ்சம் கூடுதலாகப் பிடிபடும்.

எத்தனை நாள் வேணும்? ரெண்டு நாள்ல மூணாறும் சேர்த்து முடிக்க முடியாதா?

முடியும், காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்க ஆசை இருந்தால். மூணாறு மலை, இது கடல்மட்டம், நடுவில் வளைந்து வளைந்து ஏறுகிற சாலை. காயலுக்கும் கொச்சிக்கும் மட்டும் மூன்று நாள் வையுங்கள். ரெண்டே நாள் என்றால் மூணாறை அடுத்த லீவுக்குத் தள்ளிவிட்டு, ஒரு நாள் ஆலப்புழா, ஒரு நாள் மட்டாஞ்சேரி.

எந்த மாசம் நல்லது? ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள போயிடலாமா?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சுகம், ஆனால் கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். மார்ச், ஏப்ரலில் புழுக்கம் ஆளைக் கொல்லும். சென்னை வெயிலுக்குப் பழகியவர்கள் கூட அந்த ஈரப்பதத்தில் சோர்ந்து போகிறார்கள். மே கடைசியில் எப்போது வேண்டுமானாலும் மழை பிடிக்கலாம். அக்டோபர், நவம்பரில் துலா மழை, அது பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும், காலை வெளுத்திருக்கும்.

தென்மேற்குப் பருவமழையில் போகக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், காயல் அப்போதுதான் முழு அழகோடு இருக்கிறது, விலையும் இறங்கும். ரெண்டு எச்சரிக்கை மட்டும். 2018 ஆகஸ்டில் ஆலப்புழாவை ஒட்டிய தாழ்வான வயல் பகுதியான குட்டநாடே மூழ்கி மக்களை மொத்தமாக வெளியேற்ற வேண்டி வந்தது, அதனால் வானிலை எச்சரிக்கை ஆரஞ்சு, சிவப்பு என்று வந்தால் விவாதம் செய்யாமல் ரத்து செய்துவிடுங்கள். இன்னொன்று எலிக்காய்ச்சல். மழைக்காலத்தில் கேரளத்தில் இது நிஜமான ஆபத்து, காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்க வேண்டாம், ஊர் திரும்பியதும் காய்ச்சல் வந்தால் தண்ணீரில் நின்றதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரயில்ல வந்தா எங்க இறங்கணும்?

எர்ணாகுளத்தில் ரெண்டு நிலையம், ஜங்ஷன் (ஊர்க்காரர்களுக்கு சவுத்), டவுன் (நார்த்). இரண்டுக்கும் மெட்ரோ உண்டு, எதில் இறங்கினாலும் பெரிய சிக்கல் இல்லை. சென்னையிலிருந்து ஆலப்புழாவுக்கே நேராக இரவு ரயில் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். எர்ணாகுளத்துக்குத் தெற்கே பாதை இரண்டாகப் பிரிந்து ஒன்று ஆலப்புழா வழியாகவும் மற்றது கோட்டயம் வழியாகவும் போய்க் காயங்குளத்தில் சேருகிறது. நாகர்கோவில், திருவனந்தபுரம் பக்கமிருந்து வருபவர்கள் வண்டி எந்த வழி என்று பார்க்காமல் டிக்கெட் எடுத்தால் காயலுக்கு எதிர்க்கரையில் போய் இறங்குவீர்கள். குமரகம்தான் உங்கள் இலக்கு என்றால் கோட்டயமே சரி.

போட் ஹவுஸ் எடுத்தே ஆகணுமா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.

கட்டாயம் இல்லை. நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது, முதல் தடவை வருகிறீர்கள், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், ஒரு ராத்திரி தண்ணீர் மேல் படுத்துப் பார்க்க ஆசை என்றால் எடுங்கள். காயல் எப்படி இருக்கும் என்று பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அது தேவையில்லை, சொல்லப்போனால் அது இடைஞ்சல். அவ்வளவு பெரிய படகு அகலமான காயலிலும் பெரிய தோட்டிலும் (தோடு என்றால் இங்கே கால்வாய்) மட்டும்தான் போகும். வாசல் படியில் பாத்திரம் கழுவுகிற வீடும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வள்ளமும், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற வயலும் குறுகிய தோடுகளுக்குள் இருக்கின்றன. அங்கே போக சிக்காரா என்கிற கூரை போட்ட சின்ன மோட்டார் படகோ, துடுப்பு போடுகிற நாட்டு வள்ளமோதான் வழி. மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும், காலை ஆறரை ஏழுக்கு ஏறினால் ஒன்பதரைக்குள் வெயிலுக்கு முன்னால் திரும்பிவிடலாம்.

ஹவுஸ்போட்டின் பூர்வீகம் கெட்டுவள்ளம். ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் இழைத்துக் கட்டி, குட்டநாட்டு நெல்லையும் சரக்கையும் கொச்சிக்கு ஏற்றிப்போன வள்ளம். சாலையும் லாரியும் வந்து வேலை போனபின் 1990-களில் அதன்மேல் மூங்கில் கூரையும் கட்டிலும் ஏறின. இப்போது ஓடுகிறவற்றில் சில கண்ணாடி மாளிகை போல மாடி வைத்துக் கட்டியவை. அதில் ஏறிக்கொண்டு 'பாரம்பரியம்' என்று சொல்வது கொஞ்சம் அதிகம், ஆனால் குளிர்சாதனம் நன்றாக வேலை செய்யும், அதையும் சொல்ல வேண்டும்.

ராத்திரி முழுக்க படகு போய்க்கிட்டே இருக்கும்னு நெனச்சோம். சாயங்காலம் ஆறு மணிக்கே ஒரு கரையில கட்டிட்டாங்க. ஏமாத்திட்டாங்களா?

இல்லை, எல்லாப் படகும் அப்படித்தான். மாலை ஐந்தரை ஆறுக்குள் கட்டிவிட வேண்டும், ஏனென்றால் அதற்கப்புறம் காயல் மீன்பிடிக்கிறவர்களுடையது. அவர்கள் வலை போட்டிருக்கும் நேரத்தில் இந்தப் பெரிய படகுகள் ஓடினால் வலை கிழியும். பகல் பன்னிரண்டு மணிக்கு ஏறி, ஆறுக்குக் கட்டி, மறுநாள் ஒன்பது மணிக்கு இறக்கிவிடுவார்கள். நடுவில் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். கூட்டிப் பார்த்தால் ஓடுகிற நேரம் ஐந்து ஆறு மணிதான். இதைத் தெரிந்துகொண்டு காசு கொடுத்தால் ஏமாற்றம் வராது.

ஓடுவது மட்டும் போதும் என்றால் பகல் பயணம் மட்டும் எடுத்துவிட்டு ராத்திரி கரையில் ஒரு ஹோம்ஸ்டேயில் படுங்கள். அந்தியில் கொசுவும் விளக்குப் பூச்சியும் படகுக்குள் வருவதைப் பற்றி விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை.

புக் பண்றப்ப என்னென்ன கேக்கணும்? நேரா ஜெட்டிக்குப் போய் பேசினா கம்மியாகுமா?

சாதாரண நாளில், சீசன் இல்லாதபோது, நேரில் போய்ப் படகைப் பார்த்துப் பேசினால் குறையும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, பூஜை லீவு, தொடர்ச்சியாக மூன்று நாள் விடுமுறை, இப்படி எதிலாவது வந்து ஜெட்டியில் பேரம் பேசலாம் என்று நினைக்காதீர்கள், மிஞ்சியதைத்தான் கொடுப்பார்கள். நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் பைக்கில் துரத்தி வந்து கண்ணாடியைத் தட்டுகிற ஏஜெண்டுகளுக்குத் தலையாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

கேட்க வேண்டியவை: ஏசி முழு நேரமா, ராத்திரி ஒன்பது முதல் காலை ஆறு வரை மட்டுமா (மலிவான பேக்கேஜில் இரண்டாவதுதான், இதில்தான் அதிகம் சண்டை வருகிறது). படகு முழுக்க உங்களுக்கா, இல்லை வேறு குடும்பத்தோடு பங்கா. எங்கே ஏறுவது, எந்த வழி போகும், ராத்திரி எங்கே கட்டும். போட்டோவில் காட்டும் அதே படகுதானா. கடைசியாகப் படகின் பக்கவாட்டில் கே.ஐ.வி. என்று தொடங்கும் பதிவெண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத படகில் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஏறாதீர்கள், காரணம் அடுத்த பதிலில்.

சின்னக் குழந்தை, அம்மா அப்பா எல்லாம் வராங்க. பயப்படாம ஏறலாமா?

பதிவு செய்த படகில், சொன்ன எண்ணிக்கைக்குள், பகலில் என்றால் ஏறலாம். 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்தது மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, இருட்டியபின் ஓட்டினார்கள், 22 பேர் போய்விட்டார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். அதனால் 'இன்னும் நாலு பேர்தானே, ஏறிக்கோங்க' என்று யாராவது சொன்னால் நீங்கள் இறங்கிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டு, குழந்தை சைஸ் இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்த பிறகு கிளம்புங்கள். ஊழியர் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஹவுஸ்போட்டில் வயதானவர்களுக்குக் கஷ்டம் ஏறி இறங்கும் இடம்தான், படகுக்கும் படித்துறைக்கும் நடுவில் பலகை போடுவார்கள், சில இடத்தில் ஒரு படகைத் தாண்டி இன்னொரு படகுக்குப் போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மாடி இல்லாத படகாகக் கேளுங்கள்.

கம்மி செலவுல காயலைப் பார்க்க வழியே இல்லையா?

இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை நம் ஊர் டவுன் பஸ் மாதிரி படகு ஓட்டுகிறது. ஆலப்புழாவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே ஜெட்டி. அங்கிருந்து கோட்டயம் போகும் படகு சுமார் ரெண்டரை மணி நேரம், புன்னமடை தாண்டி, காயலின் ஓரம் தொட்டு, கைநகரி, ஆர் பிளாக் பக்கமெல்லாம் நுழைந்து போகும், டிக்கெட் ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான். ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் கோட்டயம் வரை போகாமல் காஞ்ஞிரம் என்ற இடத்தோடு நிற்கும், அங்கிருந்து ஆட்டோவோ பஸ்ஸோ. நேரத்தை முதல் நாளே ஜெட்டியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ரெண்டு சொல்கிறேன். முகம்மாவிலிருந்து குமரகத்துக்குக் காயலைக் குறுக்கே கடக்கும் படகு, வழியில் பாதிராமணல் தீவைப் பார்க்கலாம். வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு ஓடும் 'ஆதித்யா', 2017-இல் வந்தது, நாட்டின் முதல் சோலார் பயணிகள் படகு. வைக்கம் போனால் 1924, 25-இல் கோயில் தெருப் போராட்டத்துக்காகப் பெரியார் சிறை போன ஊர் அது என்பதும், அங்கே அவர் நினைவகம் புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பரில் திறக்கப்பட்டதும் நினைவில் இருக்கட்டும், ஜெட்டியிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒன்று மட்டும், இது ஊர்க்காரர்கள் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற படகு. வீடியோ எடுக்க முன்வரிசையை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

வயல் தண்ணிக்குக் கீழ இருக்குன்னாங்க. நெஜமாவா? படகுல போனா தெரியுமா?

தெரியும், குறிப்பாகக் குறுகிய தோட்டில். குட்டநாட்டின் பல வயல்கள் கடல்மட்டத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர் கீழே. காயலுக்குள்ளேயே வரப்பு கட்டி, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்து வெளியே விட்டுப் பயிர் செய்கிறார்கள். முரிக்கன் என்ற விவசாயி 1940-களில் இப்படி மீட்டெடுத்த சித்திரா, மார்த்தாண்டம், ராணி காயல் நிலங்கள் இன்றும் அந்தப் பெயரிலேயே இருக்கின்றன. படகில் உட்கார்ந்தபடி இந்தப் பக்கம் பார்த்தால் தண்ணீர், அந்தப் பக்கம் பார்த்தால் வரப்புக்குக் கீழே பள்ளத்தில் நெல். 2013-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அறிவித்தது.

பிப்ரவரி வாக்கில் வந்தால் பச்சை, வெள்ளம் வடியாத மாதத்தில் வந்தால் அதே இடம் ஏரி. போட்டோவில் பார்த்த வயல் எங்கே என்று படகுக்காரரிடம் கோபித்துக்கொள்வதில் பயன் இல்லை.

தண்ணி முழுக்க ஒரே பாசியா இருக்கே, சுத்தம் பண்ண மாட்டாங்களா?

அது பாசி இல்லை, ஆகாயத்தாமரை. அதற்கும் மேலே சொன்ன வயலுக்கும் சம்பந்தம் இருக்கிறது. கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் கடலின் உப்பு காயலுக்குள் ஏறும், நெல் கெடும். அதைத் தடுக்க 1970-களில் தண்ணீர்முக்கத்தில் ஒரு தடுப்பணை கட்டினார்கள், டிசம்பர் வாக்கில் மதகை மூடி அறுவடை முடியும்போது திறப்பார்கள். நெல் பிழைத்தது. ஆனால் உப்பு வந்தால் சாகிற ஆகாயத்தாமரை இப்போது நல்ல தண்ணீரில் செழிக்கிறது, ஓட்டம் இல்லாததால் அழுக்கும் தேங்குகிறது, முட்டையிட வந்துபோகும் மீனுக்கும் இறாலுக்கும் வழி அடைபடுகிறது. விவசாயிக்கு மூட வேண்டும், மீனவருக்குத் திறக்க வேண்டும், வருடா வருடம் இந்த இழுபறிதான். அணை இருக்கும் சாலையிலேயே கார் போகும், இறங்கி இரண்டு பக்கமும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள்.

நாங்க சைவம். படகுல சமாளிக்க முடியுமா?

முடியும், முன்கூட்டியே சொன்னால். சொல்லாமல் ஏறினால் சமையல்காரர் கரிமீனை மசாலா தடவி வைத்திருப்பார். சைவம் என்றால் சாம்பார், அவியல், தோரன், பப்படம், குறை இல்லை. சாதம் மட்டும் மட்டை அரிசியாக இருக்கும், குழந்தைகள் சாப்பிடாது என்றால் வெள்ளைச் சாதம் கேளுங்கள்.

மீன் சாப்பிடுபவர்கள் கரிமீனோடு நிற்காமல் குடம்புளி போட்ட மீன்குழம்பும் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) கேளுங்கள். குட்டநாட்டு வாத்து இன்னும் நல்லது. கரையில் நிறுத்தி 'பெரிய இறால் வாங்கிக்கலாமா சார்' என்பார்கள், எடைக்கு விலையை முதலில் கேட்டுவிட்டு, சமைக்கத் தனிக் கூலி உண்டா என்பதையும் கேட்டுவிட்டு அப்புறம் தலையாட்டுங்கள்.

கள்ளுக்கடைக்குக் குடும்பத்தோட போகலாமா?

போகலாம், சாப்பாட்டுக்காகவே போகிறார்கள், பல கடைகளில் குடும்பங்களுக்குத் தனி அறை உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால் நம்மவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. காலைக் கள் இனிக்கும், சாயங்காலத்துக்குள் புளித்து ஏறிவிடும். ஓட்டுகிறவர் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

கொச்சியில எங்க தங்கறது? எர்ணாகுளமா, ஃபோர்ட் கொச்சியா?

ராத்திரி ரயிலைப் பிடிப்பதென்றால் எர்ணாகுளம், மற்றபடி ஃபோர்ட் கொச்சி. அங்கே தங்கினால் பகல் கூட்டம் வருவதற்கு முன் காலையில் நடக்கலாம், அந்த ஊர் நடந்து பார்க்க வேண்டிய ஊர். எர்ணாகுளத்திலிருந்து காரில் போனால் தோப்பும்படிப் பக்கம் மாட்டிக்கொள்வீர்கள். தண்ணீரில் போங்கள். அரசுப் படகு ஒருபக்கம், 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ இன்னொரு பக்கம். வாட்டர் மெட்ரோ குளிரூட்டிய மின்சாரப் படகு, ஹைகோர்ட் ஜெட்டியில் ஏறினால் ஃபோர்ட் கொச்சி. படகுத்தளம் படகு மட்டத்துக்கே இருப்பதால் சக்கர நாற்காலியும் ஏறும். ஞாயிறு மாலை வரிசை மிக நீளம். ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பின் தீவுக்கு ஜங்கார் எனும் வண்டி ஏற்றும் படகும் உண்டு, காரோடு ஏறலாம்.

மட்டாஞ்சேரியில என்ன பார்க்கறது? வெள்ளிக்கிழமை போறோம்.

வெள்ளி வேண்டாம், சனியும் வேண்டாம். மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை மூடல். பரதேசி யூதப் பள்ளி (யூதர்களின் வழிபாட்டு இடம்) சனிக்கிழமை மூடல், வெள்ளி மத்தியானத்துக்கு மேல் அதையும் நம்ப முடியாது. மற்ற ஐந்து நாளில் ஒன்றை எடுங்கள்.

அரண்மனையை டச்சு அரண்மனை என்பார்கள், கட்டியது போர்ச்சுகீசியர், 1550-களில், கொச்சி ராஜாவுக்குக் கொடுக்க. 1663-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் அந்தப் பெயர். உள்ளே ராமாயணச் சுவரோவியம் இருக்கிறது, மொத்த ஊரிலும் நான் நேரம் எடுத்துப் பார்க்கச் சொல்வது அதைத்தான். யூதப் பள்ளி 1568-இல் எழுந்தது, தரையில் சீனாவிலிருந்து வந்த கையால் வரைந்த நீல ஓடுகள். யூதர்கள் 1948-க்குப் பிறகு இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், தெருவில் அவர்கள் பெயர் இருக்கிறது, ஆட்கள் கிட்டத்தட்ட இல்லை. ஃபோர்ட் கொச்சிப் பக்கம் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறைக் கல் உண்டு. 1524 டிசம்பரில் கொச்சியில் இறந்தார், உடலைப் பிறகு லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே கயிறு இழுத்து ஆட்டும் பழைய துணி விசிறிகளை அண்ணாந்து பாருங்கள்.

சீன வலை கிட்ட ஒருத்தர் 'வாங்க சார் இழுங்க'ன்னு கூப்பிட்டார். இழுத்தப்புறம் காசு கேட்டார். குடுக்கணுமா?

கூப்பிட்டு இழுக்கவிட்டால் காசு கேட்பது வழக்கம், அவருக்கு மீனை விட இதில்தான் வருமானம். பிடிக்கவில்லை என்றால் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள், அதற்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை. வலையின் பின்பக்கம் கயிற்றில் தொங்கும் கருங்கற்களைக் கவனியுங்கள், அந்தப் பாரம்தான் நாலைந்து பேர் அவ்வளவு பெரிய வலையைத் தூக்க முடிவதற்குக் காரணம்.

மசாலா எங்க வாங்கறது? ஆட்டோக்காரர் ஒரு பெரிய கடைக்குக் கூட்டிட்டுப் போனார்.

'அஞ்சு நிமிஷம் பாருங்க சார், வாங்க வேண்டாம்' என்பார், உங்களை உள்ளே கொண்டுவிட்டாலே அவருக்குக் கமிஷன். அழகான மரப்பெட்டியும் ஏசியும் இருக்கிற கடையில் நீங்கள் அந்தக் கமிஷனையும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள். பஜார் ரோட்டில் நடந்து போங்கள், மூட்டை ஏற்றி இறக்குகிற கிடங்குகளுக்கு நடுவே உள்ளூர்க்காரர்கள் வாங்குகிற சில்லறைக் கடைகள் இருக்கும். அங்கே முந்நூறு கிராம், அரைக் கிலோ என்று எடை போட்டுத் தருவார்கள். பொடியாக எதையும் வாங்காதீர்கள், முழுசாக மட்டும்.

மிளகு: ஒரு பிடி கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும், நசுக்கினால் உள்ளே வெளுப்பாக, வாசனை மூக்கில் ஏற வேண்டும். தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் போகும், பப்பாளி விதையும் உள்ளீடற்ற சொத்தை மிளகும் மிதக்கும். பட்டை: மெல்லிய தாளைச் சுருட்டியது போல அடுக்கடுக்காக இருந்தால் அசல் இலவங்கப்பட்டை, தடித்த ஒற்றை ஓடாக இருந்தால் காசியா என்ற மலிவான பட்டை, விலை வித்தியாசம் மிகவும் அதிகம், ரெண்டையும் ஒரே பெயரில் விற்பார்கள். ஏலக்காய்: ஈரத் துணியில் தேய்த்துப் பச்சை ஒட்டினால் சாயம். ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் தாராளமாக வாங்கலாம், பக்கத்திலேயே அங்கமாலி, காலடித் தோட்டங்களில் விளைகிறது. குடம்புளியும் வாங்குங்கள். குங்குமப்பூவை மட்டும் விட்டுவிடுங்கள், அது கேரளத்துப் பயிர் இல்லை.

அப்போ கொச்சியில வாங்கறதெல்லாம் இங்க வெளஞ்சதுதானா?

இல்லை, இது நம்மவர்கள் எதிர்பார்க்காத பதில். ஏலக்காய் இடுக்கி மலையில் விளைந்து, இடுக்கியின் புற்றடியிலும் நம் போடிநாயக்கனூரிலும் ஏலம் போய், அங்கிருந்துதான் ஊர் ஊராகப் பிரிகிறது. தேனி, மதுரைக்காரர்கள் கொச்சியில் ஏலக்காய் வாங்குவது ஊற்றை விட்டுவிட்டு வேறு இடத்தில் தண்ணீர் எடுக்கிற வேலை. கிராம்பு என்றால் கன்னியாகுமரி மலைக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. மிளகில் உலகத்தில் இப்போது முதலிடம் வியட்நாமுக்கு, அங்கிருந்தும் இலங்கையிலிருந்தும் மிளகு இங்கே இறக்குமதியாகிறது. கடைக்காரரிடம் 'வயநாடா, இடுக்கியா' என்று கேளுங்கள், பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடை.

வியாபாரம் செத்துவிடவில்லை. யூதத் தெருவில் ஒரு காலத்தில் மிளகு விலையைக் கூச்சலும் கையசைவுமாகத் தீர்மானித்தார்கள், அது கணினிக்குப் போய்விட்டது, பெரிய ஏற்றுமதிக் கிடங்குகள் ஊருக்கு வெளியே போய்விட்டன. மிச்சம் இருக்கிற கிடங்குகளின் பின்வாசல் நேராகத் தண்ணீருக்குத் திறப்பதைப் பாருங்கள், கெட்டுவள்ளம் வந்து நின்ற இடம் அது. குஜராத்தி, கொங்கணி, கச்சி மேமன் என்று வியாபாரத்துக்கு வந்து தங்கியவர்களின் தெருக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன.

தமிழ் பேசினா புரியுமா?

தாராளமாக. மலையாளம் தெரிந்த மாதிரி 'எந்தா சேட்டா' என்று இழுக்காமல் நிதானமாகத் தமிழிலேயே பேசுங்கள். ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்று பெயருள்ள பகுதியில் தோபிகானா, அதாவது துணி வெளுக்கும் இடம், இருக்கிறது, டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க அழைத்து வரப்பட்டவர்கள் என்று சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் அங்கே வேலை செய்கிறார்கள். துவைத்து, கொடியில் கிளிப் இல்லாமல் ரெட்டைக் கயிற்றின் முறுக்கில் துணியைச் செருகிக் காயவைப்பார்கள். உள்ளே போய்ப் பார்க்கலாம், கேட்டுவிட்டுப் போட்டோ எடுங்கள்.

முசிறின்னு படிச்சோமே, அது கொச்சிதானா? இப்ப போய்ப் பார்க்க ஏதாவது இருக்கா?

கொச்சி இல்லை, அதற்கு வடக்கே, பெரியாற்றின் பழைய முகத்துவாரம். யவனர் பொன் கொண்டு வந்து மிளகு ஏற்றிப் போனதாக அகநானூறு சொல்கிற துறைமுகம். அங்கிருந்து போன ஒரு கப்பலின் சரக்குக் கடன் ஒப்பந்தம், பாப்பிரஸில் எழுதியது, வியன்னாவில் இருக்கிறது. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய முகத்துவாரத்தை மண்மூடி, தெற்கே கொச்சியின் வாயைத் திறந்தது என்பார்கள், கொச்சி துறைமுகமானது அதற்கப்புறம்தான். வடக்கன் பரவூர் பக்கம் பட்டணம் என்ற கிராமத்தில் 2007 முதல் தோண்டி ரோமானிய ஜாடித் துண்டு, மணிகள், மிளகு, ஒரு மரத் தோணி எல்லாம் எடுத்தார்கள். இதுதான் முசிறி என்று பலரும் சொல்கிறார்கள், ஒப்பாதவர்களும் உண்டு.

பட்டணத்தில் குழிகளை மூடிவிட்டார்கள், பிரம்மாண்டமாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அதே நாளில் கொடுங்கல்லூர் போகலாம். செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோயிலோடு பலர் சேர்த்துப் பேசுகிற பகவதி கோயில் அங்கே, பக்கத்தில் சுந்தரர் பாடிய திருவஞ்சைக்களம், தேவாரத் தலங்களில் மலைநாட்டுக்கு இருக்கும் ஒரே தலம். ஆண்கள் வேட்டி கட்டி, சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக முடியும், பேன்ட்டோடு வந்துவிட்டு வாசலில் வாடகை வேட்டி தேட வேண்டாம். காலையில் கிளம்புங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். எர்ணாகுளத்திலிருந்து வைப்பின் தீவு வழியாகப் பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் உட்காருங்கள், இடையிடையே பொக்காளி வயல் தெரியும். மழைக்காலத்தில் உப்பு தாங்கும் நெல், மழை முடிந்ததும் அதே வயலில் இறால்.